கழுமரம் காட்டும் சுவர்

ஆவுடையார்கோயில் ஓவியங்களிலே, கூரிய கழுவிலே ஏற்றப்பட்ட சமணரைக் காண்கிறோம். நெஞ்சு பதறுகிறது, கண் தானே விலகுகிறது. சமய வெற்றி என்று தீட்டினான் ஓவியன். நாமோ கொலைக்களம் காண்கிறோம்!

7ஆம் நூற்றாண்டில், சம்பந்தரிடம் வாதிலே தோற்ற சமணர் எண்ணாயிரவர் மதுரையில் கழுவேறினர் என்று, 12ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணம் பாடிற்று. அக்காலக் கல்வெட்டு எதுவும் அதைக் கூறவில்லை.

மாறான சான்றோ நம் அருகிலேயே உண்டு. கொல்லாமை போற்றிய காந்தியார் பெயரால் 1947இல் எழுந்த காந்திகிராமம் இருக்கும் திண்டுக்கல் மாவட்டத்திலேயே, பழனிக்கு அருகே நிற்கிறது ஐவர்மலை. அங்கே 870இல், வரகுண பாண்டியன் காலத்தில், சாந்திவீரர் எனும் சமணத் துறவி பார்சுவநாதர் திருவுருவைப் புதுப்பித்து, 505 காணம் பொன் அளித்தார் என்கிறது கல்வெட்டு. கழுவிலே முடிந்ததாகப் பாடப்பட்ட சமயம், இருநூறாண்டு கழித்தும் பாண்டி நாட்டில் வாழ்ந்திருக்கிறது!

எண்ணாயிரம் எனும் கணக்கை ஐயுறுவோம். ஓவியத்தை அழிக்கச் சொல்லோம். கொலை நடந்ததோ இல்லையோ, கொலையைப் பெருமையெனக் கருதிய மனம் இருந்தது. அதற்குச் சான்று அச்சுவர். மாற்றுக் கருத்தினனைக் கழுவேற்றுவதா வெற்றி என்று, பதறிய இளைஞன் கேட்கட்டும். அதற்காகவேனும் நிலைக்கட்டும் அந்த ஓவியம்!