பூசையும் திருப்பலியும்: பாளையங்கோட்டையில் ஒரு மரபுவாதக் குருக்கள் சபை

பாளையங்கோட்டையில் மகா பரிசுத்த திரித்துவத்தின் பெயரால் ஒரு குருக்கள் இல்லம் இயங்கிவருகிறது. அது மறைமாவட்ட ஆயரின் ஆளுகைக்கு உட்பட்டதன்று. புனித பத்தாம் பத்திநாதர் சபை என்னும் பன்னாட்டு மரபுவாதக் குருக்கள் அமைப்பைச் சேர்ந்தது. இங்கே குருவானவர் 1962ஆம் ஆண்டுப் பூசைப் புத்தகத்தின்படி, மக்களோடு சேர்ந்து பீடத்தை நோக்கி நின்று, இலத்தீன் மொழியில் வழிபாடு நடத்துகிறார். இல்லத்தை ஒட்டிப் பள்ளிக்கூடமும் ஆதரவற்றோர் இல்லமும் வளர்ந்துள்ளன. ஐரோப்பாவில் பிறந்த இந்தச் சபை தமிழ்நாட்டின் தென்கோடியில் எதன்மீது வேரூன்றியது என்பதே இப்பதிவின் கேள்வி. இதனை வெறும் வெளிநாட்டு இறக்குமதி என்று தள்ளிவிடுவோர் உண்டு. முன்னோர் விசுவாசம் சிதையாமல் மீண்டது என்று போற்றுவோரும் உண்டு. ஆவணங்கள் இவ்விரண்டையும்விடச் சிக்கலான ஒரு கதையைச் சொல்கின்றன.

சபையின் பொது வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அதனை நிறுவிய பேராயர் மார்செல் லெஃபெவ்ர் பிரான்சில் பிறந்தவர். 1932 முதல் காபோனில் மறைப்பணியாற்றியவர். பின்னர் செனகலின் டக்கார் பேராயராக இருந்தவர். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் வந்த வழிபாட்டு மாற்றங்களை ஏற்காத அவர், 1970 நவம்பர் 1 அன்று சுவிட்சர்லாந்தின் ஃப்ரிபூர் மறைமாவட்டத்தில் முறையான அனுமதியுடன் சபையைத் தொடங்கினார். 1975இல் அந்த அங்கீகாரம் விலக்கப்பட்டது. 1976இல் அவர் குருத்துவப் பணியிலிருந்து இடைநிறுத்தப்பட்டார். 1988 ஜூன் 30 அன்று உரோமையின் ஒப்புதலின்றி நான்கு ஆயர்களை அபிஷேகம் செய்தபோது முறிவு முழுமையடைந்தது. அந்நால்வர் மீதான சபை விலக்கு 2009இல் நீக்கப்பட்டது. 2016இல் பாவசங்கீர்த்தனம் கேட்கும் அதிகாரத்தையும், 2017இல் திருமணங்களுக்கு வழிவகையையும் திருத்தந்தை பிரான்சிஸ் இச்சபைக் குருக்களுக்கு அளித்தார். உலகெங்கும் இன்று எழுநூறுக்கும் மேற்பட்ட குருக்கள் இதில் உள்ளனர். முழுமையாக உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை என்னும் இந்த நிலை சட்ட வல்லுநர்களுக்குத் தலைவலி. வரலாற்று மாணவர்களுக்கோ அது நல்ல ஆய்வுப்பொருள்.

ஆசியாவில் இச்சபையின் தலைமையகம் சிங்கப்பூரில் உள்ளது. இலங்கையில் நீர்கொழும்பிலும் இந்தியாவில் பாளையங்கோட்டையிலும் குருக்கள் இல்லங்கள் அமைந்தன. சென்னை, பெங்களூரு, மும்பை, கோவா முதலிய இடங்களில் ஆங்காங்கே கூடும் சிறு குழுக்களைத் தேடிக் குருக்கள் பயணம் செய்கின்றனர். இந்திய இளைஞர்கள் ஆஸ்திரேலியாவின் குல்பர்ன் நகரிலுள்ள சபையின் குருமடம் வரை சென்று பயின்றுள்ளனர். இத்தாலியைத் தாயகமாகக் கொண்ட திருஇருதய ஆறுதல் கன்னியர் பாளையங்கோட்டையில் பணியேற்றனர். ஓர் இல்லம், ஒரு பள்ளி, அனாதைப் பிள்ளைகள், ஊர் ஊராகச் சுற்றும் குரு என்னும் இந்த அமைப்பைப் பார்க்கும் எவருக்கும் பதினெட்டாம் நூற்றாண்டுச் சேசு சபையாரின் கடிதங்கள் நினைவுக்கு வரும்.

அந்த நினைவைச் சற்றுப் பின்தொடர்வது பயனுள்ளது. ஒரு குருக்கள் சபை புதிய நாட்டில் எப்போது வளர்கிறது, எப்போது வளராமல் போகிறது என்பதற்கு நம் அருகிலேயே பழைய சான்றுகள் உள்ளன. ரேணிகுண்டா சந்திப்பிலிருந்து மேற்கே சென்று திருப்பதியைத் தாண்டினால் சந்திரகிரிக் கோட்டை. விசயநகரத்தின் அரவீட்டு மரபைச் சேர்ந்த இரண்டாம் வேங்கடபதி ராயரின் அரசவை அங்கே இருந்தது. மயிலாப்பூர் சாந்தோமிலிருந்து சேசு சபையினர் 1598இல் அவ்வரசவையை அடைந்தனர். மன்னர் அவர்களை மதிப்புடன் வரவேற்றார். கோயில் கட்ட இசைந்தார். ஐரோப்பிய ஓவியங்களில் அவர் காட்டிய ஆர்வத்தால் சபையின் ஓவியச் சகோதரர்களும் அங்கே வரவழைக்கப்பட்டனர். ஹென்றி ஹேராஸ் 1927இல் வெளியிட்ட அரவீட்டு மரபு வரலாற்றில் இச்செய்திகள் விரிவாக உள்ளன. அரச ஆதரவு, பரிசுகள், விவாதங்கள் எல்லாம் இருந்தும் மக்களிடையே ஒரு சமூகம் உருவாகவில்லை. பத்தாண்டுகளுக்குச் சற்று மேல் நீடித்த அந்த முயற்சி அப்படியே கலைந்தது.

நூறாண்டு கழித்து அதே வட்டாரத்துக்குள் பிரெஞ்சு சேசு சபையினர் வேறொரு வழியில் நுழைந்தனர். அரசவையை நாடாமல் சந்நியாசிகளாக வந்தார்கள். காவி உடுத்தி, புலால் விலக்கி, மொழி கற்று வாழ்ந்தார்கள். பூஷே அடிகள் தக்கோலத்தைத் தளமாகக் கொண்டார். பழைய சித்தூர் மாவட்டத்துப் புங்கனூரில் தெலுங்குக் கிறித்தவர்களின் சமூகம் ஒன்று உருவாயிற்று. இதுவே கர்நாடக மிஷன். இதன் முன்மாதிரி, 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி. பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவற்றைக் கிறித்தவர்கள் வைத்துக்கொள்ளலாம் என்று அவர் வாதாடினார். 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் அதற்கு இசைவளித்தார்.

நொபிலியின் காலத்துச் சொற்சிக்கல் ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். போர்த்துகீசியர் வழிபாட்டைக் குறித்த 'மிஸ்ஸா' என்ற சொல் தமிழில் 'மீசை' என்றே ஒலித்தது. குருவானவர் மீசை வைக்கிறார் என்று சொன்னால் கேட்பவர் என்ன நினைத்திருப்பார்! நொபிலியின் மரபில் அதற்கு மாற்றாக நிலைபெற்ற சொல்தான் 'பூசை'. கோயில் வழிபாட்டிலிருந்து எடுத்த அச்சொல்லுக்கு அன்றைய போர்த்துகீசியக் குருக்கள் சிலரின் கண்ணில் அஞ்ஞான வாடை இருந்திருக்க வேண்டும். நொபிலியின் முறைகள் முழுவதுமே அவர்களுக்கு அப்படித்தான் தோன்றின.

அந்தச் சந்தேகம் இறுதியில் வென்றது. 1704இல் புதுச்சேரியில் திருத்தந்தையின் தூதர் தூர்னோன் விதித்த தடைகள் கடுமையானவை. ஞானஸ்நானச் சடங்கில் உமிழ்நீர் தொடுதலை விட்டுவிடக்கூடாது. பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது. நோயுற்ற பறையர் வீட்டுக்குக் குரு செல்ல மறுக்கக்கூடாது. நீண்ட வழக்குக்குப் பின் 1744இல் பதினான்காம் பெனடிக்ட் இத்தடைகளைப் பெரும்பாலும் உறுதிசெய்தார். பறையர்களுக்கெனத் தனிக் குருக்களை ஒதுக்கும் ஏற்பாட்டுக்கு மட்டும் இடம் கொடுத்தார். 1773இல் சேசு சபையே கலைக்கப்பட்டது. 1776இல் புதுச்சேரியை மையமாகக் கொண்ட மிஷன் பாரிஸ் அந்நிய வேதபோதக சபையாரின் பொறுப்புக்கு வந்தது.

ஆகவே தமிழகத்தில் 'பாரம்பரியம்' என்று இன்று அழைக்கப்படுவது பெரும்பாலும் 1744க்குப் பிறகு, குறிப்பாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருப்பெற்ற ஒன்று. சடங்கு உரோமையின் சடங்கு; ஒழுங்கு உரோமையின் ஒழுங்கு. ஆனால் மொழி மட்டும் நொபிலி, வீரமாமுனிவர் வழிவந்த மொழி. என் கருத்தில், இதுவே பாளையங்கோட்டைச் சபையின் வேரைப் புரிந்துகொள்ளும் திறவுகோல்.

இலத்தீன் பூசைக் காலத்தில் தமிழ்க் கோயிலில் தமிழே ஒலிக்கவில்லை என்று இன்றைய மாணவர்கள் எண்ணுகின்றனர். நடந்தது வேறு. குரு பீடத்தில் தாழ்ந்த குரலில் இலத்தீன் சொல்லிக்கொண்டிருக்க, கீழே உபதேசியார் தலைமையில் மக்கள் உரத்த குரலில் தமிழ்ச் செபங்களைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிரசங்கம் தமிழில். தவக்காலத்தில் வியாகுலப் பிரசங்கம் தமிழில். கோவாவிலிருந்து இலங்கை சென்ற ஒரத்தோரியச் சபைக் குரு ஜாக்கோமே கொன்சால்வெஸ் எழுதிய அந்நூல் கடல் கடந்து நம் கோயில்களிலும் பல தலைமுறை ஒலித்தது. அம்மக்களுக்குக் கடவுள் 'சர்வேசுரன்', இயேசு 'சேசு', தூய ஆவி 'இஸ்பிரீத்து சாந்து', வானதூதர் 'சம்மனசு', அருள் 'பிரியதத்தம்', அருளடையாளம் 'தேவதிரவிய அனுமானம்', ஆயர் 'மேற்றிராணியார்'. வடமொழியும் போர்த்துகீசியமும் தமிழ் விகுதியும் பின்னிய இந்த மொழியை எழுத்தறியாத பாட்டிகள் ஒரு சொல் பிசகாமல் மனனம் செய்திருந்தார்கள்.

சங்கத்துக்குப் பின் மாறியது இலத்தீன் மட்டுமன்று; இந்தத் தமிழும் மாறியது. தனித்தமிழ் உணர்வு ஓங்கியிருந்த காலத்தில் 'பூசை' திருப்பலியாயிற்று, 'ஞானஸ்நானம்' திருமுழுக்காயிற்று, 'சேசு' இயேசுவானார். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு விவிலியம் இந்தப் போக்கை நிலைநிறுத்தியது. மொழியியல் நோக்கில் இது ஒரு சாதனை. வாழ்நாள் முழுவதும் சொன்ன செபம் திடீரெனத் தவறான செபமாகிவிட்ட முதியவர்களின் நோக்கில் இது என்னவாக இருந்தது என்பதை நம் திருச்சபை வரலாறுகள் அதிகம் கேட்கவில்லை.

அதே ஆண்டுகளில் வேறொரு மாற்றமும் வந்தது. 1969 ஏப்ரல் 25 அன்று இந்திய ஆயர்களின் விண்ணப்பத்தை ஏற்று உரோமை பன்னிரண்டு தழுவல்களுக்கு இசைவளித்தது. தரையில் அமர்தல், முழங்கால் மடக்குவதற்குப் பதில் கைகூப்பி வணங்குதல், மெழுகுதிரிக்குப் பதில் எண்ணெய் விளக்கு, ஆரத்தி ஆகியவை அவற்றுள் அடங்கும். 1967இல் பெங்களூரில் தொடங்கிய தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு நடுவமும் அதன் இயக்குநர் து. சா. அமலோர்பவதாசும் இவ்வியக்கத்தின் முகங்கள். எதிர்ப்பும் உடனே எழுந்தது. பத்திரிகையாளர் விக்டர் குழந்தை 'தி லெயிட்டி' இதழில் ஆண்டுக்கணக்கில் எழுதினார். இந்தியத் திருச்சபை அஞ்ஞானமயமாகிறது என்னும் பொருள்படத் தலைப்பிட்ட அவரது ஆங்கில நூல் 1985இல் வெளிவந்தது. மேலைநாட்டு மரபுவாதிகள் இன்றும் இந்தியாவைப் பற்றிப் பேசும்போது அதையே கையிலெடுக்கின்றனர். மரபுவாத உணர்வு இங்கே ஐரோப்பியக் குருக்களால் விதைக்கப்படவில்லை என்பதற்கு இந்த எதிர்ப்பு ஒரு சான்று.

ஆனால் இந்த எதிர்ப்பில் ஒரு முரண் உண்டு. ஆரத்தியை அஞ்ஞானம் என்று மறுப்பவர்கள் 'பூசை' என்ற சொல்லை விட மறுக்கிறார்கள். 'திருப்பலி' எனச் சொல்பவர்கள் ஆரத்தி எடுக்கிறார்கள். நானூறு ஆண்டுக்கு முன் எது துணிச்சலான தழுவலோ, அது இன்று காக்கப்பட வேண்டிய பாரம்பரியம். நடுவத்தின் தழுவல் வடமொழி, பிராமணிய அழகியலை நாடியது. தமிழ் வழிபாட்டு நூல்களின் தழுவல் அதற்கு எதிர்த்திசையில், தனித்தமிழை நாடியது. இரண்டும் ஒரே தலைப்பின்கீழ் 'பண்பாட்டுமயமாதல்' என்று எழுதப்படுவதால் ஆய்வுகளில் குழப்பம் நேர்கிறது. மரபுவாதிகள் முதலாவதை எதிர்த்து உரக்கப் பேசினார்கள். இரண்டாவதால்தான், ஓசையில்லாமல், அதிகம் இழந்தார்கள்.

சாதியைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க இயலாது. இலத்தீன் பூசையில் எல்லாரும் ஒரே திசை நோக்கி ஒரே மௌனத்தில் நிற்பதால் அது சமத்துவமான வழிபாடு என்றொரு வாதம் கேட்கிறது. பாளையங்கோட்டைக்குத் தெற்கே வடக்கன்குளம் இருக்கிறது. 1745இல் தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற ஊர். அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த திருக்குடும்பக் கோயிலில் சாதிகளைப் பிரித்து ஒரு சுவர் இருந்தது. அதே இலத்தீன், அதே பீடம், அதே திசை. சுவருக்கு இருபுறமும் இரு மக்கள். 1910இல் கொசானல் அடிகள் அச்சுவரை இடித்தார். அதற்காக நீதிமன்றம் சென்ற வெள்ளாளர் தரப்பு தோற்றது. தலித் கிறித்தவ அறிஞர்கள் ஆரத்தியின் பிராமணியத்தைக் கேள்வி கேட்டது எவ்வளவு நியாயமோ, அவ்வளவு நியாயம் பாரம்பரியத்தின் இந்தச் சுவரை நோக்கியும் கேட்பது. இக்கேள்விக்கு மரபுவாதப் பிரசுரங்கள் நேராக விடை சொல்வதை நான் கண்டதில்லை. மறைமாவட்டங்களும் முழுமையாகச் சொல்லிவிட்டன என்று கூற முடியாது.

குரு எந்தத் திசை நோக்கி நிற்பது என்பது சின்னஞ்சிறு சச்சரவு என்று எண்ணுவோர் கேரளத்தைப் பார்க்கலாம். சீரோ மலபார் திருச்சபையில் குர்பானாவின் முதற்பகுதியை மக்களை நோக்கியும் அடுத்த பகுதியைப் பீடத்தை நோக்கியும் நடத்துவதென 2021இல் எடுத்த முடிவு எறணாகுளத்தில் போராட்டங்களையும் கோயில் அடைப்புகளையும் கொண்டுவந்தது. வழிபாட்டு முறை என்பது யாருடைய நினைவு செல்லும், யாருடையது செல்லாது என்பதைப் பற்றிய தீர்ப்பாகவும் அமைந்துவிடுகிறது.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. புதுச்சேரி மிஷன் அச்சுக்கூடத்திலும் திருச்சிராப்பள்ளியிலும் பத்தொன்பது, இருபதாம் நூற்றாண்டுகளில் அச்சான செபப் புத்தகங்களும் ஞானோபதேச நூல்களும் சங்கத்துக்குப் பின் பல கோயில்களின் அறைகளிலிருந்து அகற்றப்பட்டன. பல்கலைக்கழக நூலகங்களிலும் அவை குறைவு. தென்மாவட்டங்களின் பாரம்பரியக் கத்தோலிக்கர் இவற்றைத் தேடிச் சேர்த்து மறுபதிப்புச் செய்கின்றனர், மின்வடிவிலும் தருகின்றனர். அவர்கள் நோக்கம் பக்தி. எனினும் 'பிரியதத்தம்' எந்தப் பதிப்பில் 'அருள்' ஆனது என்று தேட முனைபவர் முதலில் அவர்களின் புத்தக மேசைக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.