பெயர் பிரிந்த குரல்கள்

சென்ற மாரியில் எமது நகரின் தமிழ் வகுப்பு நடைபெறும் கட்டடத்தின் நிலக்கீழறையைத் துப்புரவு செய்தபோது, பழைய ஒலிநாடாக்கள் அடுக்கப்பட்ட சப்பாத்துப் பெட்டியொன்று எமது கைக்கு வந்தது. மொத்தம் 43 நாடாக்கள். யார் கொண்டுவந்து வைத்தார்கள் என்பதை எவரும் அறியார். சிலவற்றின் மேல் 'பாட்டு' என்ற ஒற்றைச் சொல், சிலவற்றில் அதுவுமில்லை. ஒன்றில் மட்டும் ஜேர்மன் மொழியில், பிள்ளையொன்றின் கோணல் எழுத்தில், 'பாட்டி பாடுகிறார்' என்றிருந்தது. யாருடைய பாட்டி, எந்த ஊர், எந்த ஆண்டு? வகுப்பில் பயிலும் மூத்த மாணவர் சிலரை உடன் இருத்தி அவற்றுக்கு அட்டவணை எழுத முற்பட்டோம். நூறாண்டுகளுக்கு மேலாக இந்நாட்டின் ஒலிக்காப்பகங்கள் பட்டுவரும் பாட்டை அப்பொழுதுதான் ஓரளவு உணர்ந்தோம். அவ்வரலாற்றின் ஒரு கிளை இதே மியூனிக்கிலிருந்து எமது தீவுக்குச் செல்கிறது என்பதை வாசகர்களில் பலர் அறிந்திருக்கமாட்டார்கள்.

மார்கரேத லெனோர செலெங்கா என்னும் அம்மையார் 1860இல் பிறந்தவர். அவருடைய கணவர் எமில் செலெங்கா விலங்கியற் பேராசிரியர். இருவருமாக இலங்கை, போர்ணியோ, ஜாவா என்று கீழைத்தேயங்களிற் பயணம் செய்தனர். 1899இல் ஹேக் நகரில் சமாதான மாநாடு கூடியபோது, பல நாட்டுப் பெண்களைத் திரட்டிப் போருக்கெதிராகக் குரல் கொடுக்கச் செய்தவர் இவ்வம்மையார். கணவர் 1902இல் மறைந்தபின், ஆதிமனிதனின் எச்சங்களைத் தேடி 1907இல் ஜாவாவுக்கு ஒரு குழுவைத் தாமே கொண்டுசென்றார். அவ்வாண்டில் இலங்கை வேடர்களின் பாடல்கள் சிலவற்றை அவர் மெழுகு உருளைகளிற் பதிந்தார். 1922இல் மியூனிக்கில் காலமானார்.

மெழுகு உருளை என்பது இன்றைய பிள்ளைகளுக்கு விளங்காத பொருள். போனோகிராப் கருவியில், ஊமத்தம்பூ வடிவான குழலின் முன்னின்று பாடினால், அதிர்வை ஓர் ஊசி சுழலும் மெழுகின்மேற் கீறிச்செல்லும். ஓர் உருளையில் இரண்டு மூன்று நிமிடங்களே கொள்ளும். சுழலும் வேகம் கருவிக்குக் கருவி மாறும். பதிந்த வேகம் தெரியாவிடின் கிழவரின் குரல் குமரியின் குரலாகிவிடும். இதற்குப் பேர்லின் ஒலிக்காப்பகத்தார் ஓர் எளிய வழி கண்டனர். பதிவின் தொடக்கத்தில் செக்கனுக்கு 435 அதிர்வுகள் தரும் சிறு ஊதுகுழலை ஊதிவிடும்படி, பயணம் செய்வோருக்குக் கற்பித்து அனுப்பினர். பின்னர் கேட்பவர் அவ்வொலி சரியாக வரும்வரை வேகத்தைத் திருத்திக்கொள்ளலாம்.

1900இல் கார்ல் ஸ்ரும்ப் என்னும் பேராசிரியர் அக்காப்பகத்தைத் தொடங்கினார்; எரிக் பொன் ஹோர்ண்பொஸ்ரல் அதனை வளர்த்தெடுத்தார். செலெங்கா அம்மையாரின் பதிவுகளை ஆராய்ந்து, 1909இல் வேடர் இசை பற்றிக் கட்டுரை எழுதியவர் மாக்ஸ் வேர்தைமர். ஒரு மெட்டு என்பது தனித்தனிச் சுரங்களின் கூட்டன்று, உறுப்புகள் சற்று மாறினும் உருக்குலையாத ஒரு முழுமை என்ற எண்ணத்தை அவர் அங்கே வெளியிட்டார். பின்னாளில் உளவியலிற் புகழ்பெற்ற அவரது கோட்பாட்டின் முளைகளில் ஒன்று எமது தீவின் காட்டுப் பாடலில் அரும்பியது என்பதில் எமக்கு ஒரு சிறு பெருமை உண்டு.

ஆயினும் அப்பெருமையில் ஒரு நெருடலும் உண்டு. அக்காப்பகத்தில் தொகுதிகள் இடத்தின் பெயராலும் பதிந்தவரின் பெயராலுமே வழங்குகின்றன. பாடியவன் 'வேடன்' என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிவிட்டான். உலகின் மிகப் பழைய, கலப்பற்ற இசை எதுவென்று தேடிய அக்கால அறிஞர்களுக்கு அச்சொல் போதுமாயிருந்தது. அச்சொல்லோ ஒரு மொழியையோ ஒரு வாழ்க்கையையோ குறிப்பதன்று. செலிக்மன் தம்பதியினர் 1911இல் வெளியிட்ட வேடர் பற்றிய பெருநூலில், கிழக்குக் கரையோர வேடருக்கெனத் தனி அதிகாரமே உண்டு. வாகரைப் பக்கத்தில் தமிழ் பேசி வாழும் அம்மக்களைப் பற்றி மட்டக்களப்பு வாசகர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. எழுத்துப்பிழையில்லாத பெயரட்டையும் பிழையானதாயிருக்கலாம் என்பதற்கு இது சான்று.

வியப்பென்னவெனில், இவ்விடயத்தில் வணிகர் விஞ்ஞானியை முந்திக்கொண்டார். 1902 நவம்பரில் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜான் இசைத்தட்டுக்குப் பாடியபோது, பாட்டின் முடிவில் தமது பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லி முடித்தார். தட்டுகள் அச்சாகியது இங்கே, ஹனோவரில். மொழியறியாத தொழிலாளி எந்தத் தட்டுக்கு எந்தப் பெயரை ஒட்டுவான்? பெயர் மாறினால் தட்டு விலைபோகாது. ஆகவே பெயர் குரலோடு சேர்த்தே பதியப்பட்டது.

இனி, பெயர்கள் குரலைப் பிரிந்த கதைக்கு வருவோம். 1933இல் நாசிகள் ஆட்சியேறியதும், யூத வழியினர் என்ற காரணத்தால் ஹோர்ண்பொஸ்ரல் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். சுவிற்சர்லாந்து, நியூயோர்க், கேம்பிரிட்ஜ் என்று அலைந்து 1935இல் அங்கேயே மறைந்தார். வேர்தைமரும் அதே 1933இல் நாட்டைவிட்டு வெளியேறி, நியூயோர்க்கில் 1943இல் மறைந்தார். வேற்று நாட்டார் பாடல்களுக்கு அட்டவணை எழுதிய அவ்விருவரும் எம்மைப்போல அகதிகளாயினர் என்பதை வாசிக்கையில் புத்தகத்தைச் சற்று மூடிவைக்க நேர்ந்தது.

அடுத்தது உருளைகளின் முறை. போர்க்காலத்தில், குண்டுவீச்சுக்கு அஞ்சி அவற்றைப் பேர்லினுக்கு வெளியே ஒளித்துவைத்தனர். போர் முடிந்ததும் அவற்றிற் பெரும்பகுதியைச் சோவியத் படையினர் லெனின்கிராட்டுக்குக் கொண்டுசென்றனர். 1950களின் இறுதியில் அவை திரும்பிவந்தன, ஆனால் கிழக்குப் பேர்லினுக்கு. எந்த உருளையில் யார், எங்கே, எப்பொழுது பாடினார் என்று சொல்லும் கடிதங்களும் பதிவேடுகளும் மேற்குப் பேர்லினில் இருந்தன. குரல் மதிலின் ஒரு பக்கம், பெயர் மறுபக்கம். முப்பதாண்டுகளாக இரு தரப்பாராலும் முழுமையாக எதையும் செய்ய இயலவில்லை. 1991இலேதான் உருளைகள் டாலெம் பகுதியிலிருந்த அருங்காட்சியகத்துக்கு மீண்டன. 1999இல் யுனெஸ்கோ அத்தொகுப்பை உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தது. உருளைகளையும் ஏடுகளையும் ஒன்றோடொன்று ஒப்புநோக்கிச் சூசான சீக்லர் ஆக்கிய பெரும் அட்டவணை 2006இல் வெளிவந்தது.

ஊரிலிருந்து வந்த எம்மவர்க்கு இத்தகைய பிரிவு புதியதன்று. ஓர் அலுவலகத்தில், தந்தையின் பெயர் எமது குடும்பப் பெயராயிற்று. மகளின் பெயர் வேறாயிற்று. ஒரே வீட்டில் வாழும் இருவர் உறவினர் என்று நிறுவுவதற்கே நாம் சத்தியக்கடதாசி தேடினோம்.

பேர்லினிலுள்ள மற்றொரு தொகுப்பைப் பற்றியும் சொல்லவேண்டும். முதலாம் உலகப்போரில் பிடிபட்ட இந்தியச் சிப்பாய்கள் பேர்லினுக்குத் தெற்கே வுன்ஸ்டோர்ப் முகாமில் வைக்கப்பட்டிருந்தனர். 1915 முதல் 1918 வரை அவர்களைக் குழலின் முன் நிறுத்திப் பாடவும் பேசவும் செய்தனர். இங்கே பெயர், ஊர், தொழில் யாவும் தனித்தாளிற் குறிக்கப்பட்டன. எனினும் தேடியது மொழி மாதிரியை. 1916 டிசம்பர் 11ஆம் நாள் மால் சிங் என்னும் பஞ்சாபியர், தம்மைப் படர்க்கையில் வைத்து, ஊரில் வெண்ணெய் உண்டு வாழ்ந்த ஒருவன் இந்தப் போரில் அகப்பட்டு ஊர் திரும்ப ஏங்குவதைச் சொன்னார். அவ்வேக்கம் மாதிரிகளுள் ஒரு மாதிரியாக அடுக்கில் ஏறிற்று. பிலிப் ஷெப்னர் 2007இல் எடுத்த ஆவணப்படத்தின் பின்னரே பலரும் அதனைக் காதுகொடுத்துக் கேட்டனர்.

எமது சப்பாத்துப் பெட்டிக்கு மீள்வோம். அட்டவணை எழுதத் தொடங்கிய முதல் நாளிலேயே தவறு நேர்ந்தது. 'அம்பா' என்று எழுதிய நாடாவை ஒரு மாணவி பக்திப் பாடல்களோடு வைத்துவிட்டாள். அம்பாள் தோத்திரம் என்பது அவளுடைய கருத்து. போட்டுப் பார்த்தால், கரைவலை இழுப்போர் மூச்சுப்பிடித்துப் பாடும் தொழிற்பாட்டு! சிரித்துவிட்டோம், ஆயின் குற்றம் அவளுடையதன்று. கடற்கரையைக் கண்டிராத பிள்ளைக்கு அச்சொல்லை நாம் எப்பொழுது சொல்லிக்கொடுத்தோம்?

'பாட்டி பாடுகிறார்' நாடா எம்மை இரண்டு சனிக்கிழமைகள் மறித்துவைத்தது. உறையின் உட்புறத்தில் வேறொரு கை 'தாலாட்டு' என்று எழுதியிருந்தது. மெட்டும் அப்படியே. ஆனால் குரல் ஓரிடத்தில் கிழவியின் குரலாகவும் ஓரிடத்தில் சிறுமியின் குரலாகவும் ஏறி இறங்கிற்று. நாடா பழுது, எறிந்துவிடலாம் என்றனர் மாணவர். பேரனை அழைத்துப்போக வந்திருந்த பெரியவர் ஒருவர் வாசலில் நின்று கேட்டுவிட்டு, "அது பழுதில்லை, சயிக்கிள் டைனமோ" என்றார்.

1990இன் பின்னர் வடக்குக்குப் பற்றரி வர விடாத நாட்களில், சயிக்கிளை நிறுத்திவைத்துப் பெடலைச் சுழற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலி கேட்டோம், நாடா போட்டோம். சுழற்றுபவர் களைத்தால் நாடா மெதுவாக ஓடும். மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்திற் போட்டால் குரல் கீச்சிட்டு உயரும். பேர்லினார் ஊதுகுழலால் தேடிய விடையை எமக்கு அந்த ஏற்ற இறக்கமே தந்துவிட்டது. எந்தக் காலம் என்பதும் தெரிந்தது, பாடியவருக்கு அருகே ஒருவர் வியர்த்து நின்றார் என்பதும் தெரிந்தது.

அடுத்த சனிக்கிழமை வன்னியைச் சேர்ந்த அம்மா ஒருவரை அழைத்துக் கேட்பித்தோம். இரண்டாம் அடியிலேயே கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். "இது தாலாட்டில்லை மாஸ்ரர். தாலாட்டு மெட்டிலை சொல்லுற ஒப்பாரி. பிள்ளையைப் பறிகுடுத்த தாய் சொல்லுறது." அதன்பின் நாடாவை ஓடவிடவேண்டாம் என்றார். அவர் தேநீர் குடித்து முடியும்வரை எவரும் பேசவில்லை.

பழைய உறையை நாம் கிழிக்கவில்லை. பிள்ளையின் ஜேர்மன் எழுத்தும் 'தாலாட்டு' என்ற சொல்லும் அப்படியே இருக்கின்றன. அவையும் அந்நாடாவின் வரலாறுதானே. அவற்றின் கீழே புதிதாக எழுதி ஒட்டினோம்: ஒப்பாரி, தாலாட்டு மெட்டு, வடக்கு, 1990இன் பின், டைனமோ மின்சாரம். பாடியவர், டைனமோ சுழற்றியவர் என்ற இரு வரிகளையும் வெறுமையாக விட்டிருக்கிறோம். சனிக்கிழமைகளில் வகுப்பு முடியும்வரை பெட்டி எமது மேசைமேல் இருக்கும், நாடாக் கருவியும் பக்கத்தில் இருக்கும்.