ஒரே தெரு, இரண்டு சரித்திரம்

அமெரிக்காவின் மாநிலத் தலைநகரங்களில் மூன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டால் நம்மில் பலர் நியூயார்க், சிகாகோ, லாஸ் ஏஞ்சலீஸ் என்று ஆரம்பித்துவிடுவோம். மூன்றுமே தப்பு! பணம் புரளும் பெரிய ஊரை விட்டுவிட்டு, ஓரமாக இருக்கிற ஊருக்குத் தலைநகர் பட்டம் கொடுப்பது அங்கே பல மாநிலங்களில் சகஜம். அலபாமா மாநிலத்தின் தலைநகரான மான்ட்கோமரியும் அப்படி ஒரு ஊர்தான். மக்கள்தொகை சுமார் 2 லட்சம். ஆனால், அந்த ஊரில் டெக்ஸ்டர் அவென்யூ என்று ஒரு தெரு இருக்கிறது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரு கிலோமீட்டர்கூடக் கிடையாது. பொடிநடையாகப் பத்தே நிமிஷம். அமெரிக்காவின் மிகப் பெரிய அவமானமும் மிகப் பெரிய போராட்டமும் அந்தத் தெருவில்தான் இருக்கின்றன.

ஆண்ட்ரூ டெக்ஸ்டர் என்கிற வியாபாரி இங்கே நிலம் வாங்கி, மனை போட்டு விற்றார். ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்த ஒரு குன்றை மட்டும் விற்காமல் ஒதுக்கிவைத்தார். ‘என்றைக்காவது சட்டசபைக் கட்டடம் இங்கே வரும்’ என்று ஒரு நம்பிக்கை! 1819-ல் ஊர் உருவானது. 1846-ல் தலைநகரமும் ஆனது. டெக்ஸ்டர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. ஆட்டுக்குன்றின்மேல் மட்டும் சட்டசபை எழும்பிவிட்டது.

தெருவின் மறுமுனை கோர்ட் ஸ்கொயர். அங்கேதான் பருத்தி விற்றார்கள். நிலம் விற்றார்கள். மனிதர்களையும் விற்றார்கள்! அலபாமா ஆற்றில் படகிலும், பிறகு ரயிலிலும் கறுப்பின அடிமைகள் வந்து இறங்கினார்கள். சங்கிலியோடு நடந்து வந்து ஏலத்துக்கு நின்றார்கள். அம்மா ஒரு பண்ணைக்கு, பிள்ளை ஒரு பண்ணைக்கு. டெக்ஸ்டர் அவென்யூவுக்கு அப்போது என்ன பெயர் தெரியுமா? மார்க்கெட் தெரு.

இந்த வியாபாரத்துக்கு ஆபத்து வந்துவிடுமோ என்கிற பயத்தில்தான் தென்மாநிலங்கள் தனிநாடு கேட்டுப் பிரிந்தன. அந்தப் புதுநாட்டின் முதல் தலைநகரம் மான்ட்கோமரி. 1861 பிப்ரவரி 18-ம் தேதி, சட்டசபை வாசலில் நின்று ஜெஃபர்சன் டேவிஸ் ஜனாதிபதியாகப் பதவியேற்றார். அவர் நின்ற இடத்தைப் பித்தளை நட்சத்திரம் பதித்துக் காட்டியிருக்கிறார்கள். ஏப்ரல் 11 அன்று, கோர்ட் ஸ்கொயர் அருகிலிருந்து ‘தாக்கலாம்’ என்று தந்தி பறந்தது. மறுநாள் உள்நாட்டுப் போர் வெடித்தது. மே மாதமே தலைநகரம் ரிச்மண்டுக்கு மாறிவிட்டது. 1865 ஏப்ரல் 12-ல், போர் தொடங்கிய அதே தேதியில், மான்ட்கோமரி சரணடைந்தது.

அடிமைமுறை ஒழிந்தது. சந்தோஷம். அப்புறம்? கறுப்பர்கள் நிம்மதியாக வாழ்ந்தார்களா? ம்ஹூம். பஸ்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பத்து சீட் வெள்ளையருக்கு. காலியாக இருந்தாலும் கறுப்பர் உட்காரக் கூடாது. பல டிரைவர்கள் இன்னொரு கொடுமையும் செய்வார்கள். முன்வாசலில் ஏறிக் காசு கொடுக்க வேண்டும். பிறகு கீழே இறங்கிப் பின்வாசல் வழியாக ஏற வேண்டும். அதற்குள் பஸ் கிளம்பிப் போனாலும் போச்சு!

1955 மார்ச்சில் கிளாடெட் கோல்வின் என்ற 15 வயதுப் பள்ளி மாணவி சீட்டை விட்டு எழுந்திருக்க மறுத்தார். கைது செய்தார்கள். இத்தனை சின்னப் பெண்ணை முன்னிறுத்திப் போராடத் தலைவர்களுக்குத் தயக்கம். ஒன்பது மாதம் கழித்து டிசம்பர் 1. டிபார்ட்மென்ட் ஸ்டோரில் தையல் வேலை பார்த்த ரோஸா பார்க்ஸ், வேலை முடிந்து கோர்ட் ஸ்கொயரில் பஸ் ஏறினார். ஆம், மனிதர்களை ஏலம் விட்ட அதே கோர்ட் ஸ்கொயர். ஒரு வெள்ளைக்காரர் உட்காருவதற்காக நான்கு கறுப்பர்களை எழுந்திருக்கச் சொன்னார் டிரைவர். மூன்று பேர் எழுந்தார்கள். ரோஸா எழவில்லை. கைது. 10 டாலர் அபராதம், செலவுத்தொகை 4 டாலர்.

அன்று ராத்திரியே ஜோ ஆன் ராபின்சன் என்கிற கல்லூரி ஆசிரியை உட்கார்ந்து, ஆயிரக்கணக்கில் துண்டுப் பிரசுரம் அச்சடித்துவிட்டார். ‘திங்கட்கிழமை யாரும் பஸ் ஏறாதீர்கள்!’ டெக்ஸ்டர் அவென்யூவில், சட்டசபைக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு சர்ச் இருக்கிறது. அதன் பாதிரியார் ஊருக்குப் புதுசு. வயது 26. அவரைத் தலைவராகப் போட்டார்கள். பெயர், மார்ட்டின் லூதர் கிங்.

இங்கே ஒரு வேடிக்கை. போராட்டக்காரர்கள் முதலில் கேட்டது ரொம்பச் சின்ன விஷயம். ‘நாங்கள் பின்னாலிருந்து உட்காருகிறோம், வெள்ளையர் முன்னாலிருந்து உட்காரட்டும். உட்கார்ந்தவரை எழுப்பாதீர்கள். மரியாதையாகப் பேசுங்கள்.’ அதற்கும் நகர நிர்வாகம் முடியாது என்றது. ஆகவே, பிரிவினைச் சட்டமே செல்லாது என்று கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்குப் போட்டவர்களில் அந்தச் சின்னப்பெண் கிளாடெட்டும் ஒருவர்.

381 நாட்கள். நடந்தார்கள். கார்களைப் பகிர்ந்துகொண்டார்கள். வெள்ளைக்கார எஜமானிகளில் சிலர் வேலைக்காரப் பெண்களைத் தாங்களே காரில் அழைத்து வந்தார்கள். ‘அதை நிறுத்துங்கள்’ என்று மேயரே கெஞ்ச வேண்டியிருந்தது. கிங் வீட்டில் குண்டு வெடித்தது. யாரும் அசையவில்லை. 1956 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது, பஸ்ஸில் பிரிவினை செல்லாது!

அதோடு சுபமா? இல்லை. அடுத்த மாதமே பஸ்களின் மீது துப்பாக்கியால் சுட்டார்கள். 1957 ஜனவரியில் சர்ச்சுகளில் குண்டு வைத்தார்கள். வேலை போன ரோஸா அதே வருஷம் ஊரைவிட்டே போய்விட்டார். 1963-ல் கவர்னர் ஜார்ஜ் வாலஸ், டேவிஸ் நின்ற அதே இடத்தில் பதவியேற்று, பிரிவினை என்றென்றும் நீடிக்கும் என்று முழங்கினார். 1965 மார்ச் 25 அன்று, ஓட்டுரிமை கேட்டு செல்மாவிலிருந்து நடந்து வந்தவர்களோடு சேர்ந்து சுமார் 25,000 பேர் அவர் வாசலில் திரண்டார்கள். வாலஸ் வெளியே வரவில்லை. ஆனால், ஆகஸ்டில் ஓட்டுரிமைச் சட்டம் வந்தது.

2005-ல், நம் ஸ்ரீபெரும்புதூரில் கார் செய்யும் அதே ஹூண்டாய், மான்ட்கோமரியிலும் தொழிற்சாலை திறந்தது. 2019-ல் ஸ்டீவன் ரீட் முதல் கறுப்பின மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்த டிசம்பரில் கோர்ட் ஸ்கொயரில் ரோஸாவுக்குச் சிலை வைத்தார்கள். கிளாடெட்டின் குற்றப் பதிவை கோர்ட் அழித்தது. எப்போது? 2021-ல். 66 வருஷம் கழித்து!

கடைசியாக ஒரு தகவல். ஜனவரி மூன்றாவது திங்கட்கிழமை, கிங் பிறந்தநாளுக்காக அமெரிக்கா முழுக்க விடுமுறை. அலபாமாவின் விடுமுறைப் பட்டியலில் அந்த நாளுக்கு நேராக இன்னொரு பெயரும் உண்டு. அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தெற்குப்படையின் தளபதி ராபர்ட் லீ. 2025-லும் இருவர் பெயரும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருந்தன.

பஸ்ஸில் சேர்ந்து உட்கார வைக்க 381 நாட்கள் போதுமானதாக இருந்தது. பட்டியலில் ஒரு பெயரை எடுப்பதற்கு எத்தனை நாளோ!