ஏட்டிலிருந்து ஏருக்கு

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் முன்னோர் மொழி. அம்மொழியின் உண்மையைத் தம் வகுப்பறையிலேயே கண்டு, நடுவயதை நெருங்கும் பருவத்தில் மீண்டும் மாணவராகி, உழவுக்கும் கால்நடைக்கும் ஆசிரியரான ஒருவரின் வாழ்க்கையே இன்றைய பேச்சின் பொருள். அவர் பெயர் சாம் ஹிக்கின்பாட்டம்.

1874ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் பிறந்த அவர், அமெரிக்கா சென்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். 1903இல் கிறித்தவ சமயப் பணியாளராக இந்தியா வந்து, இன்று பிரயாக்ராஜ் எனப்படும் அலகாபாத்தில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் கற்பிக்கத் தொடங்கினார். யமுனைக்கு அக்கரையில் நைனியில் இருந்த தொழுநோயாளர் இல்லத்தைக் கவனிக்கும் பொறுப்பும் அவருக்கு வாய்த்தது.

பொருளாதார நூல்கள் மேனாட்டு ஆலைகளையும் வங்கிகளையும் பற்றிப் பேசின. மாணவர்களோ உழவர் நாட்டின் பிள்ளைகள். எனவே அவர்களை அழைத்துக்கொண்டு அருகிலிருந்த சிற்றூர்களுக்குச் சென்றார் ஆசிரியர். அங்கே கண்ட வறுமைக்கு அவர் நூல்களில் விளக்கம் இருந்தது, விடை இல்லை. விடை மண்ணிலும் மாட்டுக் கொட்டிலிலும் இருப்பதாக அவர் முடிவு செய்தார். ஆனால் உழவுக்கலை அவர் கற்றதன்று. ஆகவே 1909இல் அமெரிக்கா திரும்பி, ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் விவசாயம் பயின்றார். அப்போது அவருக்கு வயது 35.

கற்றதோடு நன்கொடையும் திரட்டிக்கொண்டு 1911இல் மீண்டார். நைனியில் 275 ஏக்கர் நிலம் பெறப்பட்டது. அது அரிப்பால் பள்ளம் விழுந்த நிலம். ஆழ வேரோடும் களைப்புல் மண்டிய நிலம். நல்ல நிலத்தில் நல்ல விளைச்சல் காட்டுவது கற்பித்தல் ஆகாது. கைவிடப்பட்ட நிலத்தைத் திருத்திக் காட்டுவதே பாடம். அவ்வாறு எழுந்ததே அலகாபாத் விவசாயக் கல்வி நிலையம். 1910ஆம் ஆண்டையே அது தன் தொடக்க ஆண்டாகக் கொள்கிறது.

அங்கே மாணவர் கையால் உழைத்தாக வேண்டும் என்பது விதி. படித்தவன் மண்ணைத் தொடலாகாது என்ற எண்ணம் வேரூன்றியிருந்த காலம் அது. உழவு பயின்றவரும் அரசாங்க அலுவலையே நாடினர். சாணமும் சேறும் படாத விவசாயப் பட்டதாரியால் உழவனுக்குப் பயனில்லை என்று கருதிய ஆசிரியர், இந்த விதியைத் தளர்த்தவில்லை.

அவர் பணியில் கடினமான பகுதி கால்நடை. பசுவைத் தெய்வமாகப் போற்றும் நாட்டில் பசு பட்டினி கிடந்தது. மாடுகளின் எண்ணிக்கை மிகுதி, தீவனமோ குறைவு. மழைக்காலத்தில் புல் செழித்து வீணாகும். கோடையில் காய்ந்த தாளும் கிடைக்காது. இதனை அவர் ஒளிவுமறைவின்றிப் பேசினார். அயல்நாட்டவர், பிற சமயத்தவர் சொன்ன சொல் ஆதலால் சிலருக்கு அது கசந்திருக்கலாம். ஆயினும் பசுவைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டே நாம் அதனை வாட்டுகிறோம் என்று காந்தியடிகளும் வருந்தியதுண்டு. 1927இல் பெங்களூரில் தங்கியிருந்தபோது அடிகள் அங்கிருந்த அரசாங்கப் பால்பண்ணைக்குச் சென்று மாடு வளர்ப்பு முறைகளைப் பயின்றார்.

ஹிக்கின்பாட்டம் காட்டிய வழி எளியது. பசுந்தீவனம் மிகுந்த காலத்தில் அதனை வெட்டி, மண்ணில் தோண்டிய குழியில் காற்றுப் புகாமல் மிதித்து மூடிவைத்தல். புளித்துப் பதமாகும் அத்தீவனத்தை நம்மவர் இன்று ஊறுகாய்ப் புல் என்கின்றனர். கோடையில் குழியைத் திறந்தால் மாட்டுக்கு உணவு உண்டு. இதற்கு வேண்டுவது பெரும்பாலும் உடல் உழைப்பே.

அடுத்தது இனவிருத்தி. சிவப்புச் சிந்திப் பசுக்களோடு அயல்நாட்டு ஜெர்சிக் காளைகளைச் சேர்த்து, 1924 அளவில் ‘ஜெர்சிந்த்’ என்னும் கலப்பினம் அங்கே தொடங்கப்பெற்றது. அயலினம் பால் மிகுதியாகத் தரும். வெப்பத்தையும் கோமாரி போன்ற நோய்களையும் எளிதில் தாங்காது. நாட்டினம் தாங்கும், பால் குறைவு. இரண்டின் நலனையும் ஒன்றாக்க முடியுமா என்பதே ஆராய்ச்சி.

275 ஏக்கரும் நன்கொடையும் உடையவருக்கு இயலுவது, இரண்டு ஏக்கர்க்காரருக்கு இயலுமா என்று நேயர்கள் கேட்கலாம். மிக நியாயமான கேள்வி. நிலையமும் இக்கேள்வியைத் தவிர்க்கவில்லை. 1921இல் அங்கு வந்த பொறியியல் அறிஞர் மேசன் வாகு, சிறிய எருதுகள் இழுக்கக்கூடிய, மண்ணைப் புரட்டும் இரும்புக் கலப்பைகளை உருவாக்கினார். 1942இல் விவசாயப் பொறியியலுக்குப் பட்டப்படிப்பும் தொடங்கியது. ஏழை உழவனின் எருதுக்கு ஏற்ற கலப்பை, அவன் கூலியின்றித் தானே தோண்டும் குழி: இவ்விரண்டுமே பெருநிலத்திலிருந்து சிறுநிலத்துக்குச் செல்லத்தக்க பாடங்கள்.

1916 முதல் 1919 வரை குவாலியர் அரசின் விவசாயத் துறைக்கும் ஆலோசகராக இருந்த ஹிக்கின்பாட்டம், 1949இல் தன் வரலாற்றை வெளியிட்டார். அதன் தலைப்பில் தம்மை உழவர் என்றே குறிப்பிட்டுக்கொண்டார். 1958இல் அமெரிக்காவில் காலமானார். நைனி நிலையம் இன்று அவர் பெயர் தாங்கிய பல்கலைக்கழகம்.

2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாடுகள் ஏறத்தாழ 19.25 கோடி, அவற்றுள் அயலினமும் கலப்பினமும் 5 கோடிக்கு மேல். மறுபுறம், காங்கேயம் போன்ற நம் உழவு மாட்டினங்கள் டிராக்டர் வந்தபின் வேலை இழந்து அருகிவருகின்றன. எந்த இனம் சிறந்தது என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. ஆனால் எந்த இனமாயினும் வெறும் வயிற்றோடு பால் சுரக்காது; ஏர் இழுக்காது. முதலில் தீவனம், பின்னரே இனம். நைனியின் பாழ்நிலத்தில் தொடங்கிய இப்பாடத்தைக் கொட்டில் தோறும் கொண்டுசெல்லும் ஆசிரியர்களே இன்றும் நமக்குத் தேவை.