மின்கட்டண நிர்ணய வழக்குகள் (இந்தியா)

மின்கட்டண நிர்ணய வழக்குகள் என்பவை, பொதுமக்களுக்கு மின்சாரம் வழங்கும் வாரியங்களும் நிறுவனங்களும் வசூலிக்கும் கட்டணத்தை யார், எந்த அடிப்படையில், எந்த நடைமுறைப்படி முடிவு செய்வது என்பது குறித்து எழுந்த வழக்குகளாகும். அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் மின்சாரம் பொதுப் பட்டியலின் 38ஆம் பதிவாக உள்ளது. ஆகவே மத்தியச் சட்டம், மாநில அரசின் மானியக் கொள்கை, மின் நிறுவனத்தின் வரவு செலவு, நுகர்வோரின் நலன் ஆகிய அனைத்தும் இவ்வழக்குகளில் இடம்பெறுகின்றன.

தொடக்கக் காலச் சட்டங்கள்

1910ஆம் ஆண்டின் இந்திய மின்சாரச் சட்டம் தனியார் கம்பெனிகளுக்கு உரிமம் வழங்கி மின் வினியோகத்தை ஒழுங்குபடுத்தியது. விடுதலைக்குப் பின் வந்த 1948ஆம் ஆண்டின் மின்சார (வழங்கல்) சட்டம் மாநில மின்வாரியங்களுக்கு வழி வகுத்தது. சென்னை மாநில மின்வாரியம் 1957 ஜூலை 1 அன்று தோன்றியது.

1948ஆம் ஆண்டுச் சட்டம் இருவகைக் கட்டண முறைகளை வைத்திருந்தது. உரிமம் பெற்ற தனியார் கம்பெனிகளுக்கு ஆறாம் அட்டவணை பொருந்தியது. முதலீட்டின் மீது ‘நியாயமான வருவாய்’ எவ்வளவு என்று அது வரையறுத்தது; அதற்கு மேல் லாபம் பெருகாதபடி கம்பெனி தன் கட்டணத்தை அமைத்துக்கொள்ள வேண்டும். வாரியங்களுக்கு 49, 59 ஆகிய பிரிவுகள் பொருந்தின. 49ஆம் பிரிவு சீரான கட்டணத்தைப் பொது விதியாகக் கொண்டது. இடம், மின் வழங்கலின் தன்மை, பயன்பாட்டின் நோக்கம் முதலியவற்றைக் கருதி வேறுபட்ட கட்டணம் வைக்கவும் அது இடமளித்தது. முறையற்ற சலுகை மட்டும் தடுக்கப்பட்டது.

59ஆம் பிரிவே பிற்கால வழக்குகளின் மையமானது. கூடுமான வரை வாரியம் நட்டத்தில் இயங்கக் கூடாது என்பது அதன் முதல் வடிவம். 1978ஆம் ஆண்டுத் திருத்தம், மாநில அரசு குறிப்பிடும் அளவுக்கு உபரி இருக்க வேண்டும் என்றது. 1983ஆம் ஆண்டுத் திருத்தம், நிலையான சொத்துகளின் மதிப்பில் 3 விழுக்காட்டுக்குக் குறையாத உபரியைக் கட்டாயமாக்கியது. மின்வாரியம் பொதுச்சேவை அமைப்பா, வருவாய் ஈட்டும் நிறுவனமா என்ற கேள்வியை இந்தத் திருத்தங்கள் நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தன.

வாரியக் கால வழக்குகள்

இக்காலத்தில் வழக்குத் தொடுத்தவர்களில் முதன்மையானவர்கள் உயர் அழுத்த மின்சாரம் பெறும் ஆலைகள். இந்தியன் அலுமினியம் கம்பெனி கேரள மின்வாரியத்துக்கு எதிராக நடத்திய வழக்கில், ஒப்பந்தத்தில் ஏற்றுக்கொண்ட கட்டணத்தை வாரியம் தன்னிச்சையாக உயர்த்த முடியாது என்று 1975இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அதே கேரள வாரியம் தொடர்பான எஸ்.என். கோவிந்த பிரபு வழக்கின் தீர்ப்பு (1986) இதனினும் விரிவானது. எவ்வளவு உபரி என்று அரசு குறிப்பிடாத நிலையில் உபரி சேர்க்க வாரியத்துக்கு அதிகாரமில்லை என்று கேரள உயர் நீதிமன்றம் கூறியிருந்தது. உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. வாரியம் லாபம் ஒன்றையே நாடும் வணிகர் அல்ல. ஆயினும் பொதுநலனுக்காக நடத்தப்படும் நிறுவனமும் தன் வளர்ச்சிக்கான பணத்தைக் கட்டணத்திலிருந்து திரட்டலாம் என்பது தீர்ப்பின் சாரம். விலை நிர்ணயம் நீதிமன்றத்தின் வேலை அல்ல என்பதும் அதில் உறுதியானது. 1991இல் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் ஆந்திர வாரியத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கிலும் இதே வழி பின்பற்றப்பட்டது. 3 விழுக்காடு என்பது குறைந்தபட்ச அளவே என்று விளக்கப்பட்டது. இத்தீர்ப்புகளுக்குப் பின் வாரியங்களின் கட்டண உயர்வை நீதிமன்றத்தில் முறியடிப்பது அரிதாயிற்று.

ஆணையங்களின் வருகை

வாரியமே மின்சாரத்தை விற்று, வாரியமே விலையும் வைத்த நிலை 1990களில் மாறியது. ஒரிசா 1995இல் தனிச் சட்டம் இயற்றி, முதல் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தை அமைத்தது. 1998ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் இம்முறையை நாடெங்கும் பரப்பியது. தமிழ்நாடு ஆணையம் 1999இல் அமைந்தது. அதன் முதல் கட்டண ஆணை 2003 மார்ச்சில் வெளியானது.

மேற்கு வங்க ஆணையத்துக்கும் கல்கத்தா மின் வழங்கல் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கு (2002) இத்துறையின் திருப்புமுனை. கட்டண நிர்ணயத்தின்போது தங்கள் தரப்பை எடுத்துரைக்க நுகர்வோருக்குச் சட்டப்படி உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது. கல்கத்தா உயர் நீதிமன்றம் இதற்கு மாறாகக் கருதியிருந்தது. கணக்கும் பொறியியலும் கலந்த மேல்முறையீடுகளை விசாரிக்கத் துறை அறிவுடைய தனி அமைப்பு தேவை என்றும் உச்ச நீதிமன்றம் பரிந்துரைத்தது.

2003ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் பின்னும்

2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் அப்பரிந்துரையை ஏற்று மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தை அமைத்தது. ஆணையத்தின் முடிவை எதிர்த்து 45 நாட்களுக்குள் அங்கு முறையிடலாம். அதன்பின் சட்டப் பிரச்சினை இருந்தால் மட்டும் உச்ச நீதிமன்றம் செல்லலாம். கட்டண விண்ணப்பம் வெளியிடப்பட்டு, மக்களின் கருத்துகள் பரிசீலிக்கப்பட்டு, 120 நாட்களுக்குள் ஆணை வர வேண்டும் என்கிறது 64ஆம் பிரிவு. மாநில அரசு ஒரு பிரிவினருக்கு மானியம் தர விரும்பினால் அத்தொகையை முன்கூட்டியே செலுத்த வேண்டும் என்பது 65ஆம் பிரிவு.

ஆணையம் வகுக்கும் ஒழுங்குமுறை விதி செல்லுமா என்பதைத் தீர்ப்பாயம் ஆராய முடியாது, உயர் நீதிமன்றமே ஆராயலாம் என்று பி.டி.சி. இந்தியா வழக்கில் (2010) உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு கூறியது. 2017இல் எனர்ஜி வாட்ச்டாக் வழக்கில், இந்தோனேசிய நிலக்கரி விலையேற்றத்தைக் காட்டி மின் கொள்முதல் ஒப்பந்தக் கட்டணத்தைக் கூட்ட முடியாது என்று முடிவாயிற்று. இந்திய நிலக்கரிக் கொள்கையில் ஏற்பட்ட மாற்றத்துக்கு மட்டும் ஈடு உண்டு என்றது நீதிமன்றம்.

ஆணையத்தின் அமைப்பும் வழக்குக்கு உள்ளானது. தமிழ்நாடு மின் உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகத்துக்கும் பி.பி.என். நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் (2014), ஆணையம் நீதி வழங்கும் கடமையும் ஆற்றுகிறது என்று சுட்டப்பட்டது. சட்டத்துறை சார்ந்த உறுப்பினர் ஒருவராவது ஆணையத்தில் இருக்க வேண்டும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கியது. 2022இல் தமிழ்நாட்டுக் கட்டண உயர்வு, அத்தகைய உறுப்பினர் இல்லாத காரணத்தாலேயே சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் சிறிது காலம் தடைப்பட்டது.

ஆலைகளிடம் கூடுதலாக வாங்கி வீடுகளுக்கும் வேளாண்மைக்கும் விலையைக் குறைக்கும் குறுக்கு மானியம் படிப்படியாகக் குறைய வேண்டும் என்பது 61ஆம் பிரிவு. எளிய குடும்பங்களுக்கு இம்மானியம் இன்றியமையாதது. அதை அடியோடு ஒழிக்கும் நோக்கத்தை 2007ஆம் ஆண்டுத் திருத்தம் சட்டத்திலிருந்து நீக்கியது சரியான முடிவே.

ஆண்டுதோறும் கட்டணத்தைத் திருத்தாமல் பற்றாக்குறையைப் பிற்கால வசூலுக்குத் தள்ளிவைப்பது பல மாநிலங்களில் வழக்கமாயிற்று. நிறுவனம் விண்ணப்பிக்காவிட்டாலும் ஆணையம் தானாகவே கட்டணத்தை நிர்ணயிக்க வேண்டும் என்று 2011 நவம்பரில் தீர்ப்பாயம் ஆணையிட்டது. இவ்வாறு தேங்கிய நிலுவைகளைக் காலவரம்புக்குள் தீர்க்குமாறு 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.