நாதஸ்வரம் கணினிக்குள் புகுந்த கதை

கொங்கு நாட்டில் கல்யாணம் என்றாலும் சரி, காது குத்து என்றாலும் சரி, மாரியம்மன் நோம்பி என்றாலும் சரி, வீட்டு வாசலில் முதலில் கேட்பது மேளச் சத்தம்தான். அந்தச் சத்தம் இன்று எல்லா இடத்திலும் ஆள் ஊதித்தான் வருகிறது என்று சொல்ல முடியாது. பல மண்டபங்களில் அது ஸ்பீக்கரில் இருந்து வருகிறது. சில கச்சேரிகளில் கீபோர்டு வாசிப்பவரின் விரல் நுனியில் இருந்து வருகிறது. மரமும் நாணலும் சேர்ந்த ஒரு வாத்தியம் கணினிக்குள் எப்படிப் போனது? போகும்போது எதை விட்டுவிட்டுப் போனது?

சீவாளி என்னும் சின்னஞ்சிறு பொருள்

நாதஸ்வரத்தின் உயிர் சீவாளியில் இருக்கிறது. நாணலைப் பதப்படுத்தி, தட்டையாக்கி, இரண்டு இதழ்கள் ஒன்றின்மேல் ஒன்று படுமாறு செய்வது சீவாளி. வாசிப்பவரின் உதடும் மூச்சும் பட்டதும் இவ்விதழ்கள் அதிர்கின்றன. அந்த அதிர்வை ஆச்சா மரத்தில் கடைந்த உலவு வாங்கிக்கொண்டு, அணசு வழியாக வெளியே விடுகிறது. வடநாட்டு ஷெனாய், மேல்நாட்டு ஓபோ, பஸ்ஸூன் ஆகியவையும் இதே இரட்டை இதழ் குடும்பம்தான். கிளாரினெட்டுக்கும் சாக்ஸபோனுக்கும் ஒற்றை இதழ்.

நாதஸ்வரத்தில் விரல் வைக்க 7 துளைகள், அடியில் சுருதியைச் சரிசெய்ய 5 துளைகள். ஏழு துளைகளை வைத்துக்கொண்டு சுமார் இரண்டரை ஸ்தாயி வாசிக்க முடிகிறது என்றால், மீதி வேலையை உதடும் மூச்சும் செய்கின்றன என்று அர்த்தம். பிற்பாடு கணினியைத் திணறடித்ததும் இந்த மீதி வேலைதான்!

கூடவே ஒத்து என்று ஒரு வாத்தியம் இருந்தது. பார்க்க நாதஸ்வரம் போலவே இருக்கும், ஆனால் விரல் துளைகள் கிடையாது. ஒரே சுருதியை நிறுத்தாமல் ஊத வேண்டும். மூக்கால் மூச்சை இழுத்து, கன்னத்தில் தேக்கிய காற்றை விட்டுக்கொண்டே இருப்பார் ஒத்துக்காரர். பெரும்பாலும் அவர் வித்வானிடம் பாடம் கேட்கும் சீடர்.

கோவையின் ஸ்டுடியோக்கள்

தமிழ் சினிமா என்றால் இன்று சென்னைதான் நினைவுக்கு வரும். ஆனால் 1930களிலும் 40களிலும் கோயம்புத்தூரும் ஒரு சினிமா நகரம். சென்ட்ரல் ஸ்டுடியோவும், எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா ஸ்டுடியோவும் இங்கேதான் இயங்கின. இங்கே இசையமைத்தவர்களில் முக்கியமானவர் எஸ்.எம். சுப்பையா நாயுடு. பிற்காலத்தில் மெல்லிசை மன்னர் என்று பெயர் பெற்ற எம்.எஸ். விஸ்வநாதன் இளம் வயதில் அவரிடம் பணியாற்றியதும் கோவையில்தான். 1954-ல் வந்த 'மலைக்கள்ளன்' பட்சிராஜாவின் தயாரிப்பு, சுப்பையா நாயுடுவின் இசை.

அதே சுப்பையா நாயுடு 1962-ல் 'கொஞ்சும் சலங்கை' படத்துக்காக காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரத்தையும் எஸ். ஜானகியின் குரலையும் ஒரே பாட்டில் இணைத்தார். 1968-ல் 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாதஸ்வரம் ஒலித்தது. இவையெல்லாம் ஒலிப்பதிவுகள். வித்வான் வாசித்தது எதுவோ அதுவே திரும்பக் கேட்கும். வேறு ஒருவர் அந்த ஒலியை எடுத்து வேறு பாட்டு வாசிக்க முடியாது. அதைச் செய்ய வந்ததுதான் சாம்ப்ளிங்.

சாம்ப்ளிங் என்றால் என்ன?

ஒரு வாத்தியத்தின் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாகப் பதிவு செய்து, ஒவ்வொரு கட்டைக்கும் ஒன்றாக ஏற்றி வைத்தால், கட்டையை அழுத்தும்போது அந்த வாத்தியம் ஒலிக்கும். 1963-ல் இங்கிலாந்தில் வெளிவந்த மெல்லோட்ரான் இதைக் காந்த நாடாவில் செய்தது. ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு நாடா, சுமார் 8 விநாடி. நாடா தீர்ந்தால் ஒலியும் தீர்ந்தது.

1979-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் பீட்டர் வோகல், கிம் ரைரி இருவரும் ஃபேர்லைட் என்ற கணினி வாத்தியத்தை வெளியிட்டனர். அது ஒலியை எண்களாக மாற்றி நினைவகத்தில் வைத்தது. ஆனால் ஒரு குரலுக்குக் கிடைத்த நினைவகம் 16 கிலோபைட் மட்டுமே. சி.டி. தரத்தில் ஒலியை விநாடிக்கு 44,100 முறை அளக்கிறார்கள். ஒவ்வொரு அளவுக்கும் 2 பைட் என்றால் விநாடிக்கு 88,200 பைட். இந்தத் தரத்தில் பார்த்தால் 16 கிலோபைட்டில் ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு கூட அடங்காது. தரத்தைக் குறைத்துத்தான் சமாளித்தார்கள்.

பிறகு ஒரு தந்திரம் வந்தது. சுரத்தின் தொடக்கத்தைப் பதிந்துகொண்டு, நடுவில் ஒரு சிறு துண்டை மட்டும் திரும்பத் திரும்பச் சுழல விடுவது. இதற்கு லூப் என்று பெயர். கட்டையை விடும் வரை ஒலி நிற்காது. யோசித்துப் பார்த்தால் இது ஒத்துக்காரர் கன்னத்தில் காற்றைத் தேக்கிச் செய்த அதே வேலை!

112-ஆம் எண்

1983-ல் மிடி என்ற பொது மொழி வந்தது. எந்தக் கம்பெனி கீபோர்டும் எந்தக் கணினியோடும் பேச முடிந்தது. 1986-ல் 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜா கணினி இசையைப் பயன்படுத்தினார். 1992-ல் 'ரோஜா'வில் ஏ.ஆர். ரகுமான் வந்த பிறகு, கீபோர்டு இசை தமிழ்நாடு முழுக்கப் பரவியது.

இதற்கிடையே 1991-ல் ஜெனரல் மிடி என்ற பட்டியல் வந்தது. மொத்தம் 128 ஒலிகள். 69 ஓபோ, 71 பஸ்ஸூன், 72 கிளாரினெட், 110 ஸ்காட்லாந்தின் பேக்பைப், 112 ஷெனாய். நாதஸ்வரத்துக்கு இடமில்லை. ஆகவே அந்தப் பட்டியலை மட்டுமே கொண்ட கீபோர்டில் நாதஸ்வரம் வேண்டுமென்றால் 112-ஐத்தான் தட்ட வேண்டும். ஷெனாய் மென்மையான வாத்தியம். நாதஸ்வரமோ தேர் வீதியில் ஒரு கோடியில் ஊதினால் மறு கோடியில் கேட்பது. இரண்டும் எப்படி ஒன்றாகும்?

கமகம் எங்கே?

1998-ல் கிகாசாம்ப்ளர் என்ற மென்பொருள் வந்தது. ஒலியை நினைவகத்தில் அடைக்காமல் ஹார்டு டிஸ்கிலிருந்தே நேரடியாக எடுத்தது. இடப் பஞ்சம் தீர்ந்தது. இரண்டரை ஸ்தாயிக்கு 30 சுரங்கள், ஒவ்வொன்றும் மெதுவாக, நடுத்தரமாக, பலமாக என மூன்று விதம், ஒவ்வொன்றும் 10 விநாடி என்று ஸ்டீரியோவில் பதிந்தால் சுமார் 16 கோடி பைட். இது இன்றைய கைப்பேசிக்கே அற்பம்.

இடம் கிடைத்தும் நாதஸ்வரம் முழுதாக வரவில்லை. காரணம் கமகம். டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் பெயரைச் சொன்னாலே தோடி நினைவுக்கு வரும். அந்தத் தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்கும் சுரமில்லை. ஆடிக்கொண்டே இருப்பது. நின்ற சுரங்களாகப் பதிந்து வைத்த கட்டைகளில் அது எந்தக் கட்டை?

இதற்கு இரண்டு வழிகள் கையாளப்பட்டன. ஒன்று, கீபோர்டில் உள்ள சக்கரத்தைத் திருகிச் சுரத்தை வளைப்பது. சுருதி வளையும், ஆனால் உதடு அழுந்தும்போது நாதத்தின் குணமும் மாறுமே, அது மாறாது. இரண்டாவது, சங்கதிகளை முழுசாகவே பதிந்து வைப்பது. கேட்க அருமையாக இருக்கும். ஆனால் பதிந்த ராகம், பதிந்த வேகம், பதிந்த சுருதி மட்டும்தான். புதிதாக ஒரு ஆலாபனை பிறக்காது. 1994-ல் யமஹாவின் விஎல்1, பதிவே இல்லாமல் இதழும் காற்றும் நடந்துகொள்ளும் விதத்தைக் கணக்குப் போட்டு ஒலி எழுப்பியது. அதையும் சரியாக வாசிக்க, மூச்சை உணரும் கருவியை வாயில் வைத்து ஊத வேண்டியிருந்தது. சுற்றி வந்து மீண்டும் மூச்சுக்கே!

முதலில் போனது யார்?

இயந்திரம் வித்வானைத் தொடும் முன்பே வேறொருவரின் இடத்தை எடுத்துக்கொண்டது. அவர் ஒத்துக்காரர். முதலில் கையால் துருத்தி இயக்கும் சுருதிப் பெட்டி வந்தது. பிறகு மின்னணு சுருதிப் பெட்டி வந்தது. நிறுத்தாமல் ஒரே சுரம் என்பது இயந்திரத்துக்கு மிகச் சுலபம். மூச்சு வாங்காது, சம்பளம் கேட்காது.

அடுத்து கோயில் மேளம். மின்மோட்டாரில் முரசும் மணியும் சேர்ந்து ஒலிக்கும் பெட்டி இன்று கொங்கு நாட்டின் பல கோயில்களில் பூஜை நேரத்தில் முழங்குகிறது. 1930களிலேயே மோட்டார் செய்யத் தொடங்கிய ஊர் கோவை. அந்த ஊரைச் சுற்றியுள்ள கோயில்களில் மோட்டார் மேளம் அடிப்பது ஒரு வகையில் பொருத்தம், ஒரு வகையில் வருத்தம்.

வருத்தம் ஏன்? ஒத்து ஊதிய சீடர் வெறுமனே ஒரு சுரத்தை ஊதிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. பக்கத்தில் வித்வான் விடிய விடிய வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் ராகம் கற்றது அந்த இடத்தில். மூச்சுப் பயிற்சியும் அங்கேயே நடந்தது. கோயிலில் தினசரி பூஜைக்கு வாசிப்பதும் அப்படியே, கூட்டமில்லாத நேரத்தில் கை பழக ஓர் இடம். இயந்திரம் எடுத்துக்கொண்டது ஏணியின் கீழ்ப்படிகளை. மேல்படியில் இருப்பவரை அது இன்னும் எட்டவில்லை. ஆனால் கீழ்ப்படி இல்லாமல் அடுத்த ஆள் மேலே ஏறுவது எப்படி?

ஈரோட்டில் உள்ள அரசு இசைப்பள்ளியும், பழனி தேவஸ்தானத்தின் நாதஸ்வர, தவில் பள்ளியும் அந்தப் படிகளை வேறு விதத்தில் கட்டித் தருகின்றன. 2022-ல் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இவை நல்ல செய்திகள்.

சாம்ப்ளிங் என்பது கெட்ட காரியமும் இல்லை. இன்று ஒரு வித்வானின் ஒவ்வொரு சுரத்தையும் கவனமாகப் பதிந்து வைத்தால், நாளை ஆராய்ச்சிக்கும் இசையமைப்புக்கும் உதவும். ஆனால் பதிவு செய்ய ஒலிவாங்கி முன்னால் ஒருவர் உட்கார்ந்து ஊத வேண்டும். அந்த ஒருவர் எங்கிருந்தோ கற்றுக்கொண்டு வந்திருக்க வேண்டும். அடுத்த முறை ஊர் நோம்பிக்கு மேளம் பேசும்போது, ஸ்பீக்கர் வாடகையையும் மேளக்காரர் சம்பளத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துக்கொள்வது நல்லது.