அண்ணல் பதவி விலகியது யாருக்காக?

அதிராம்பட்டினத்தில் தோழர்களோடு சட்டம் பற்றிப் பேச உட்காரும்போதெல்லாம் தங்கைகளிடமிருந்து ஒரு கேள்வி வரும்: “அம்பேத்கர் எதுக்குக்கா மந்திரி பதவிய விட்டாரு?” காரணங்கள் பல. அவற்றில் முதன்மையான ஒன்று பெண்ணுரிமை.

மகளுக்கும் சொத்தில் பங்கு, ஒருவனுக்கு ஒரே மனைவி, மணவிலக்கு உரிமை, சாதி கடந்த திருமணத்துக்கு ஏற்பு. இவைதான் அண்ணல் சட்ட அமைச்சராக இருந்து முன்னெடுத்த இந்து சட்டத் தொகுப்பு மசோதாவின் சாரம். இது மேலிருந்து வந்த தானமல்ல. 1942 ஜூலையில் நாக்பூரில் கூடிய ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாடே மணவிலக்கு உரிமையைக் கேட்டது. பலதார மணத்தை எதிர்த்தது.

எதிர்ப்பு எங்கிருந்து வந்தது? 1949 டிசம்பர் 11 அன்று டெல்லி ராம்லீலா மைதானத்தில் ஆர்.எஸ்.எஸ். கண்டனக் கூட்டம் நடத்தியது. இந்து சமூகத்தின் மீது வீசப்பட்ட அணுகுண்டு என்றார் ஒருவர். மறுநாள் அவைக்கு ஊர்வலம் போய் நேரு, அம்பேத்கர் உருவபொம்மைகளை எரித்தார்கள். சாமியார் கர்பாத்ரியோ, தீண்டத்தகாதவராகப் பிறந்தவருக்கு சாஸ்திரத்தில் என்ன வேலை என்று கேட்டார். கவனியுங்கள் தோழர்களே, பெண்ணுரிமையை அடித்த கைதான் சாதியைச் சொல்லியும் அடித்தது.

அவையில் துர்காபாய், ஹன்சா மேத்தா, ரேணுகா ரே போன்ற பெண் உறுப்பினர்கள் மசோதாவுக்காக வாதாடினார்கள். ஆனால் எதிர்ப்பு வெளியே மட்டும் இல்லை. குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத்தே எதிர்த்தார். காங்கிரசுக்குள்ளும் பலர் முட்டுக்கட்டை போட்டார்கள். மசோதா கைவிடப்பட்டது. 1951 செப்டம்பரில் அண்ணல் விலகினார்.

கதை அங்கே முடியவில்லை. 1955, 56இல் அதே மசோதா நான்கு சட்டங்களாக வந்தது. பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு தமிழ்நாட்டில் 1989இல்தான் கிடைத்தது. நாடு முழுவதற்கும் 2005இல். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு இதற்குத் தீர்மானம் போட்டு அறுபது ஆண்டுகள் கழித்து!

இப்போது நம் டெல்டாவுக்கு வருவோம். அப்பாவுக்கே நிலமில்லாத சேரியில் மகளுக்கு எதில் பங்கு? இந்தக் கேள்விக்கு விடை தேடியவர் கிருஷ்ணம்மாள் ஜெகநாதன். 1981இல் தொடங்கிய லாப்டி இயக்கத்தின் மூலம் நிலத்தை வாங்கி, தலித் பெண்கள் பெயரிலேயே பதிவு செய்ய வைத்தார்.

சட்டமன்றத்தில் வென்ற உரிமை வயலில் இறங்க இன்னொரு போராட்டம் தேவை. பெண் விடுதலையையும் சாதி ஒழிப்பையும் எதிரி ஒன்றாகவே பார்க்கிறான். நாம் மட்டும் ஏன் பிரித்துப் பார்க்க வேண்டும்? அடுத்த முறை பட்டா கேட்டு மனு எழுதும்போது முதலில் அம்மாவின் பெயரை எழுதுவோம்.

ஜெய் பீம்.